ஏர்கான் முதல் ராகு காலம் வரை: வீட்டுக்கு வீடு என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏர்கான், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. யீஷூன், உட்லண்ட்ஸ், அங் மோ கியோ பக்கம் தமிழ் வீடுகளுக்குப் போனால் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். வேலை முடிந்து டீ குடிக்கும்போது இன்னும் மூன்று வரும். பெரும்பாலும் போன வாரம் வேறு வீட்டில் கேட்ட அதே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

பதில் சொல்லும்போது எனக்கு ஒரே ஒரு பிடிதான் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "அது எந்த வழியாக நடக்கும்?" என்று கேட்பேன். வழி தெரிந்தால் நம்புவேன். வழியே இல்லையென்றால், எத்தனை பேர் சொன்னாலும் நம்பமாட்டேன்.

ஏர்கானை 16-ல வெச்சா ரூம் சீக்கிரம் குளிருமா தம்பி?

குளிராது. ஏர்கான் குளிரை உண்டாக்கும் கருவி இல்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் கருவி. ஆன் செய்ததும் அது தன்னால் முடிந்த வேகத்தில் சூட்டை அள்ள ஆரம்பித்துவிடும். 16 என்பது எங்கே போய் நிற்க வேண்டும் என்ற எல்லை. லாரி டிரைவரிடம் ஜூரோங்கில் இறக்கு என்பதற்குப் பதிலாகத் துவாஸில் இறக்கு என்று சொன்னால் லாரி வேகமாகவா போகும்? அதிக தூரம் போகும், அவ்வளவுதான்.

16-ல் வைத்துவிட்டுத் தூங்கினால், அறை 25-க்குக் கீழே இறங்கிய பிறகும் கம்ப்ரசர் விடாமல் ஓடும். விடியற்காலையில் எழுந்து போர்வை தேடுவோம், மாதக் கடைசியில் கரண்ட் பில்லைப் பார்த்து வருத்தப்படுவோம். தேசியச் சுற்றுப்புற வாரியம் 25 அல்லது அதற்கு மேல் வைக்கச் சொல்கிறது. 25-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள். என் வீட்டில் அப்படித்தான்.

வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்னு சொல்றாங்களே, நிஜமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வேன். ஏர்கான் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. குழாய் நன்றாக இருந்தால் பத்து வருஷமானாலும் அதே கேஸ்தான். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

போன வருஷம் ஒரு வீட்டில் சிஸ்டம் த்ரீ. வெளியே ஒரே கம்ப்ரசர், உள்ளே மூன்று அறைகள். மூன்று வருஷமாக வருஷம் தவறாமல் யாரோ வந்து கேஸ் ஏற்றிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். நான் பார்த்தபோது ஃபில்டரில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. குழாயில் அழுத்தம் சரியாகவே இருந்தது. ஃபில்டரைக் கழுவி மாட்டினேன், அறை குளிர்ந்தது. அந்த அக்கா கண் கலங்கிவிட்டார். கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால், "எங்கே ஒழுகுது, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆள் இல்லாதப்பவும் ஃபேன் ஓடினா ரூம் குளுகுளுன்னு இருக்கும்ல?

இருக்காது. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நம் தோலிலுள்ள வியர்வையை வேகமாக உலர்த்துகிறது. வியர்வை உலரும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆள் இல்லாத அறையில் வியர்வையும் இல்லை. மோட்டார் சூடு மட்டும் கொஞ்சம் சேரும். வெளியே போகும்போது நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஏர்கான் கெட்டுப்போன அன்னிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சு உக்காந்திருந்தோம். தப்பா?

முதல் பதிலை நினைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜும் ஏர்கான்தான். ஏர்கான் சூட்டைச் சுவருக்கு வெளியே கொட்டுகிறது. ஃப்ரிட்ஜ் தன் முதுகுப் பக்கம், உங்கள் சமையலறைக்குள்ளேயே கொட்டுகிறது. முன்னால் குளிரும், பின்னால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சூடு வரும், ஏனென்றால் மோட்டாரின் சூடும் அதோடு சேர்கிறது. முகத்துக்கு ஐந்து நிமிஷம் சுகம், வீட்டுக்குக் கூடுதல் சூடு. உள்ளே இருக்கும் பாலும் இட்லி மாவும் கெட்டுப்போவது தனிக் கணக்கு.

மைக்ரோவேவ்ல சூடு பண்ண சோத்துல கதிர்வீச்சு தங்கும்னு என் மாமியார் தொடமாட்டாங்க.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: ராத்திரி அறையில் விளக்கை அணைத்த பிறகு சோற்றில் வெளிச்சம் தங்குகிறதா? மைக்ரோவேவும் வெளிச்சத்தின் உறவுதான், கண்ணுக்குத் தெரியாத நீளமான அலை. அணைத்த நொடியில் போய்விடும். சோற்றிலுள்ள தண்ணீரைத் துடிக்க வைத்துச் சூடாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் பலம் அதற்கு இல்லை. 1945-ல் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ரேடார் கருவியின் பக்கத்தில் நின்றபோது அவர் பையிலிருந்த மிட்டாய் உருகியது. அங்கிருந்து வந்ததுதான் இந்த அடுப்பு.

நம்பாதவர்களுக்கு நான் அப்பளம் வைத்துக் காட்டுவேன். உள்ளே சுழலும் தட்டையும் அதன் அடியில் இருக்கும் சக்கரத்தையும் எடுத்துவிட்டு, ஒரு சாதாரணத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பெரிய அப்பளம் ஒன்றை வையுங்கள். இருபது, முப்பது விநாடி ஓட விடுங்கள், கண்ணை எடுக்காமல் பாருங்கள். அப்பளம் முழுவதும் ஒரே நேரத்தில் பொரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத் திட்டுகள் கொப்புளித்து எழும், நடுவில் பச்சையாகவே கிடக்கும். அந்தத் திட்டுகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரும். அலையின் பாதி நீளம் அது. முழு நீளம் 12. அந்த அலை ஒரு விநாடிக்கு 245 கோடி முறை துடிக்கிறது. 12-ஐ 245 கோடியால் பெருக்கினால் விநாடிக்கு 2,94,000 கிலோமீட்டர். ஒளியின் உண்மையான வேகம் 2,99,792 கிலோமீட்டர். ஒரு அப்பளம் நம் சமையலறையில் ஒளியின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கதவுக் கண்ணாடியிலுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக அலை வெளியே வராதா என்பது அடுத்த சந்தேகம். 12 சென்டிமீட்டர் அலை இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையில் நுழையாது. கவலைப்பட வேண்டியது பாத்திரத்தைப் பற்றி. பார்சல் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவோடு உள்ளே வைக்காதீர்கள், பீங்கானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்போ வைஃபை? அதுவும் அதே அலைதான்னு பையன் சொல்றான்.

பையன் சொன்னது சரி, கிட்டத்தட்ட அதே அலைதான். பலம்தான் வேறு. மைக்ரோவேவ் எண்ணூறு வாட் அளவில் ஒரு பெட்டிக்குள் அடைத்துச் சூடாக்குகிறது. வைஃபை பெட்டி அனுப்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு, அதுவும் வீடு முழுக்கப் பரவிப்போகிறது. எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. நம் உடம்பே உட்கார்ந்த இடத்தில் நூறு வாட் அளவுக்குச் சூட்டை வெளியே விடுகிறது.

போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டா வெடிக்குமா?

நல்ல போன், நல்ல சார்ஜர் என்றால் வெடிக்காது. நிறைந்ததும் உள்ளே இருக்கும் சுற்று தானாக நிறுத்திவிடும். பேட்டரிக்கு எதிரி சூடு. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதைத்தான் நான் கண்டிக்கிறேன், அங்கே சூடு வெளியேற வழியில்லை. எப்போதும் நூறிலேயே நிற்கும் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் கிழடாகும், அவ்வளவுதான். பின்பக்கம் உப்பியிருந்தால் அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

மின் ஸ்கூட்டர் விஷயம் வேறு. அதன் பேட்டரி பெரியது, தீப்பிடித்தால் நிமிஷத்தில் வீடு புகையாகிவிடும். குடிமைத் தற்காப்புப் படை அதை இரவெல்லாம் சார்ஜில் விடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்து ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள், ஓடும் வழியே அடைபட்டுவிடும்.

ஒரே எக்ஸ்டென்ஷன்ல கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் போடலாமா?

கூட்டிப் பாருங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட், மூன்று பின் ப்ளக் தாங்குவது 13 ஆம்பியர். பெருக்கினால் மூவாயிரம் வாட் சுமார். கெட்டில் 2,200, ரைஸ் குக்கர் 700, கணக்கு அங்கேயே முடிந்தது. அயர்ன் பாக்ஸுக்கு இடமில்லை.

இடி இடிக்கும்போது போன் பேசினா மின்னல் தாக்குமா?

கைப்பேசிக்கு மின்னலை இழுக்கும் சக்தி கிடையாது. திறந்த வெளியில் நிற்பதுதான் ஆபத்து, கையில் போன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. திடலில் பந்து விளையாடுகிறவர்களும் மரத்தடியில் ஒதுங்குகிறவர்களும்தான் அதிகம் பயப்பட வேண்டும். வீட்டுக்குள் சார்ஜரில் மாட்டியபடி பேசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மின்கம்பி வழியாக ஒரு பாதை இருக்கிறது.

மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். இடிச் சத்தம் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வரும். ஆறு எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. எண்ணிக்கொண்டே புளோக்குக்குக் கீழே வந்துவிடுங்கள்.

எங்க ஊர்ல ஆறு மணிக்கே விடிஞ்சிடும் அண்ணே. இங்க ஏன் ஏழு மணி?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி. சூரியன் சரியாகத்தான் வருகிறது, கடிகாரம்தான் முந்திப்போகிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிஷம் எடுக்கிறது. சிங்கப்பூர் இருப்பது கிழக்கே 103.8 பாகையில். பெருக்கினால், கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிஷம் முன்னால் இருக்க வேண்டிய ஊர். நம் கடிகாரமோ 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக ஒரு மணி 5 நிமிஷம் அதிகம்.

முன்பு ஏழரை மணி நேரமாக இருந்தது. மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டது. அதனால்தான் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, ஒரு மணியை ஒட்டி வருகிறது.

ஊர் காலண்டர்ல திங்கக்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒம்பது. இங்கயும் அதேதானா?

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு எத்தனையோ வீட்டில் ஏர்கான் மாட்டியிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் என் அம்மா பார்த்தார், நான் அவருக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நம்புகிறவர்களுக்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்போம். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை, அந்த வரிசையில் திங்கள்தான் முதலில், பகலின் இரண்டாம் பங்கு. காலண்டரில் போடுவது ஆறு மணிக்கு விடியும் என்று வைத்துக்கொண்டு. இங்கே விடிவது ஏழை ஒட்டி. முந்தைய பதிலில் சொன்ன ஒரு மணி நேரத்தை இங்கேயும் கூட்டுங்கள்: எட்டரை முதல் பத்து. ஊர்க் காலண்டரை அப்படியே பார்த்து ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர், அவர் நம்பிக்கைப்படியே ராகு காலத்தின் நடுவில்தான் கிளம்புகிறார்.

நாலு நம்பர்ல ரொம்ப நாளா வராத நம்பரை வாங்கினா வாய்ப்பு அதிகம்தானே?

இல்லை. நாலு நம்பர் என்பது இங்கே நான்கு இலக்க எண்ணுக்குக் குலுக்கும் லாட்டரி. எந்த வழியாக வாய்ப்பு அதிகமாகும்? பந்துக்கு நினைவு கிடையாது. போன வாரம் எது வந்தது, எது ஆறு மாதமாக வரவில்லை என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் 23 பரிசுகள். எந்த எண்ணை எடுத்தாலும் 435-ல் ஒரு வாய்ப்பு.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 10,000 எண்களையும், எண்ணுக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளி வீதம், 23 பரிசுக்கும் சேரும் 'பிக்' வகையில் வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பரிசும் உங்களுக்குத்தான், ஒன்றுகூடத் தவறாது. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அடுத்து 250 வீதம் பத்து, 60 வீதம் பத்து. மொத்தம் 6,590 வெள்ளி. போட்டது 10,000. எல்லாப் பரிசையும் ஒரே ஆள் வாரினாலும் 3,410 வெள்ளி நஷ்டம். எண்ணை மாற்றி, கிழமையை மாற்றி, கடையை மாற்றி இந்தக் கணக்கை யாராலும் மாற்ற முடியாது. புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று முறை வரிசையில் நிற்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆனா விபத்தான கார் நம்பரை வாங்கி என் மச்சானுக்கு விழுந்துச்சே!

விழுந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் காரணத்துக்காக ஆயிரம் வெவ்வேறு எண்களை வாங்கினால், ஒவ்வொரு குலுக்கலிலும் சராசரியாக இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு பரிசு விழத்தான் வேண்டும். கார் எண், கனவில் வந்த எண், இறந்தவர் வீட்டு எண், எதை வைத்து வாங்கினாலும் இதே விகிதம்தான். விழுந்த இரண்டு பேர் கோப்பிக்கடையில் சொல்வார்கள். விழாத 998 பேர் சொல்லமாட்டார்கள். நம் காதுக்கு வருவது அந்த இரண்டு கதைதான். மச்சானிடம் இதுவரை போட்ட மொத்தக் காசையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பேசினதை போன் ஒட்டுக் கேக்குது. மிக்ஸி வாங்கணும்னு சொன்னேன், உடனே மிக்ஸி விளம்பரம்!

இதற்கும் மேலே சொன்ன 998 பேரையே திரும்பக் கூப்பிடுகிறேன். நேற்றுப் பேசியவற்றில் எத்தனைக்கு விளம்பரம் வரவில்லை? முருங்கைக்காய் விலை, முட்டி வலி, மகளின் பரீட்சை எல்லாம் பேசியிருப்பீர்கள். வராததை யாரும் எண்ணுவதில்லை.

ஒட்டுக் கேட்காமலேயே தெரிந்துகொள்ள அதற்கு நிறைய வழி இருக்கிறது. நீங்கள் எந்தக் கடைக்குப் போனீர்கள், எதைத் தேடினீர்கள், ஒரே வைஃபையில் இருக்கும் உங்கள் கணவர் எதைத் தேடினார் என்பதெல்லாம் போதும். மைக் ஓடினால் திரையின் மூலையில் சின்னப் புள்ளி ஒன்று எரியும், ஐபோனில் ஆரஞ்சு, ஆண்ட்ராய்டில் பச்சை. அமைப்புகளில் போய் எந்தெந்தச் செயலிக்கு மைக், இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

கொசுவை ஒழிக்கிறோம்னு அரசாங்கமே கொசுவைக் கொண்டுவந்து விடுறாங்களே, இது என்ன நியாயம்?

விடுவது ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது, பூத்தேன் மாதிரிச் சாற்றைக் குடித்து வாழும். 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் சோதித்துவரும் இந்த ஆண் கொசுக்களின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. நம் பேட்டையில் இருக்கும் பெண் ஏடிஸ் கொசு இதனோடு சேர்ந்தால் அது இடும் முட்டை பொரியாது. பொரியாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை, டெங்கியும் குறையும். மின்தூக்கிப் பக்கம் கொசு கூட்டமாகப் பறக்கிறது என்று அடித்துக் கொல்லாதீர்கள், அவை நமக்காக வேலை பார்க்கின்றன. பூத்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது நம் வேலை, அது இன்னும் மாறவில்லை.

நியூவாட்டர் சாக்கடைத் தண்ணிதானே? நினைச்சாலே குமட்டுது.

உலகில் இருக்கும் தண்ணீரெல்லாம் ஏற்கெனவே எத்தனையோ உடம்பு வழியாகப் போய் வந்ததுதான். மேகம் அதை வடிகட்டித் தருகிறது என்று மனசு ஏற்றுக்கொள்கிறது. நியூவாட்டர் என்பது பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்து எடுப்பது. 2003-ல் தொடங்கிய அதில் அதே வேலையை மூன்று படிகளில் செய்கிறார்கள்: நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், கடைசியில் புற ஊதா ஒளி. இரண்டாவது படியில் உள்ள சவ்வு, வைரஸைக்கூட விடாத அளவு நுணுக்கமானது. பெரும்பகுதி சில்லுத் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டலுக்கும் போகிறது, ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்திகரித்து நம் குழாய்க்கு வருகிறது. பெரிய ஆறு இல்லாத ஒரு தீவு இப்படித் தாகம் தீர்த்துக்கொள்வதை நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

அங்கிள், மார்ச் மாசம் 12 மணிக்கு நிழலே இருக்காதுன்னு ஏஐ சொல்லுச்சு. ஆனா என் நிழல் இருந்துச்சே?

எங்கள் புளோக்கில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. நீ பார்த்ததுதான் சரி தம்பி. ஏஐ வானத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வரிகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகியிருக்கிறது. உச்சி வெயில் என்றால் 12 மணி என்று பெரும்பாலான வரிகள் சொல்லியிருக்கும், அது அதைத் திருப்பிச் சொன்னது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தைரியத்தோடு சொல்லும், அதுதான் சிக்கல். மருந்து அளவு, சட்டம், பணம் என்றால் இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் நம்பாதே.

விடியல் கேள்விக்குச் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு அவனும் நானும் மார்ச் 23-ஆம் தேதி கூடைப்பந்துத் திடலுக்குப் போனோம். கையில் 25 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்ப் போத்தல், பள்ளி ஸ்கேல், ஒரு சாக்பீஸ். 12 மணிக்கு நிழல் 8 சென்டிமீட்டர், மேற்கே சாய்ந்திருந்தது. அவன் அதன் நுனியில் கோடு போட்டான். அரை மணி கழித்து இன்னொரு கோடு, 5 சென்டிமீட்டர்கூட இல்லை. மேகம் வந்து பத்து நிமிஷம் எங்களைத் தவிக்கவிட்டது. விலகியபோது மணி 1.11. போத்தலைச் சுற்றி வந்து பார்த்தான், குனிந்து பார்த்தான். நிழல் முழுவதும் போத்தலின் அடியிலேயே ஒடுங்கியிருந்தது. தன் காலடியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். செப்டம்பர் 20-ஐ ஒட்டி சூரியன் மறுபடி தலைக்கு நேர் மேலே வரும், அப்போது ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால். போத்தலை அவனே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.